கலோரி கணக்கு சரியா இருக்கு, எடை மட்டும் இறங்கல. எடைக்குக் கலோரி மட்டுமா காரணம்? நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

மதுரை டயட்டீஷியன்

ஒரு கேஸ் இன்னும் மண்டையைக் குடையுது. 41 வயசு அக்கா, 157 செ.மீ., 68 கிலோ. ஆறு வாரமா ஒரு வேளை விடாம ஆப்ல பதிஞ்சிருக்காங்க, சராசரி 1,250 கலோரி. அவங்க உடம்புக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,800 செலவாகும். 550 குறைவு, 42 நாள், மொத்தம் 23,000 சொச்சம். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரின்னு போட்டா மூணு கிலோ இறங்கியிருக்கணும். இறங்கினது 400 கிராம். தைராய்டு நார்மல். இதுக்கு முன்னாடி போன இடத்துல "மறைச்சுச் சாப்பிடுறீங்க"ன்னு முகத்துக்கு நேராவே சொல்லி அனுப்பிட்டாங்க.

மறைக்கிறவங்க பதிவுல ஞாயித்துக்கிழமை காலியா இருக்கும். இவங்க பதிவுல மட்டன் குழம்பும் இருக்கு, சாமி கும்பிட்டுட்டு வாயில போட்ட கல்கண்டும் இருக்கு.

"மாசச் சாமான்ல எண்ணெய் எத்தனை லிட்டர்?"னு கேட்டேன். "நாலு. மூணே பேருதான்." சொல்லிட்டு அவங்களே விரலை மடக்கி எண்ண ஆரம்பிச்சு, பாதியில கையை மடியில வெச்சுட்டாங்க.

ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், கிராமுக்கு 9, ஆக 8,200 கலோரி. நாலு லிட்டரை மூணு பேருக்கும் 30 நாளுக்கும் வகுத்தா ஆளுக்கு நாளைக்கு 364. ஆப்ல இருந்தது ரெண்டு டீஸ்பூன், அதாவது 80. அடுத்தது காபி. ஆப் ஒரு கப்புக்கு 40னு காட்டுது. இவங்க டம்ளர்ல ஆரஞ்சு பாக்கெட் பால் (கொழுப்பு எடுக்காதது) 100 மில்லி, சர்க்கரை ரெண்டு ஸ்பூன். 125க்குக் குறையாது, அதுவும் நாளைக்கு ரெண்டு தடவை. எண்ணெயில 280, காபியில 170. காணாமப் போன கலோரியில முக்கால்வாசிக்கு மேல இங்கேயே கிடைச்சிருச்சு.

1992ல நியூயார்க்ல, "1,200க்குக் கீழ சாப்பிட்டும் எடை இறங்கல"ன்னு வந்தவங்களை எடுத்து, குடிக்கிற தண்ணியில அடையாள அணு கலந்து கொடுத்து நிஜச் செலவை அளந்தாங்க. சாப்பிட்டதுல சராசரி 47% கணக்குல வரல. அவங்க உடம்பு எரிக்கிற வேகத்துல குறை எதுவும் இல்ல. இதை எடுத்து "பாத்தியா, பொய் சொல்றாங்க"ன்னு வாசிக்கிறவங்க மேல எனக்குக் கோபம் வருது. கரண்டியில இருந்து வழியற எண்ணெயைக் கண்ணால அளக்க யாரால முடியும்?

கோவை ஜிம் கோச்

எண்ணெய்க் கணக்கு சரிங்க அக்கா. ஆனா அந்த 400 கிராமை அப்படியே கொழுப்புன்னு எடுத்துட்டீங்களே? கடைசியா எடை போட்டது எந்த வாரம்? மாதவிடாய்க்கு முந்தின வாரம்னா ஒரு கிலோ தண்ணி நிக்கறது சாதாரணமுங்க. நிஜமா ஒன்றரை கிலோ இறங்கிக்கூட இருக்கலாம்.

தண்ணியை யாருமே கணக்குல சேர்க்கறதில்லைங்க. 26 வயசுப் பையன் ஒருத்தன், இட்லி சோறு ரெண்டையும் நிறுத்திட்டு முட்டை, சிக்கன், காய் மட்டும். எட்டு நாள்ல 3.2 கிலோ இறங்கிருச்சு. ஊர்ல ஒரு கல்யாணம், ரெண்டு நாள் இலைச் சாப்பாடு. திங்கக்கிழமை காலைல தராசுல 2.4 கிலோ கூட. தராசை விட்டு எறங்கினவன் டம்பெல் பக்கமே போகல. பையைத் தோள்ல மாட்டிட்டு நேரா வாசலுக்குப் போயிட்டான், அப்புறம் வரவே இல்லைங்க.

உடம்புல, தசையும் ஈரலும் சேர்த்து, நானூறு ஐந்நூறு கிராம் கிளைகோஜன், அதாவது சேமிச்சு வெச்ச மாவுச்சத்து, இருக்கும். ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். சோறு நிறுத்தினா அது கரைஞ்சு ஒன்றரை ரெண்டு கிலோ போயிரும், சோறு தின்னா திரும்பி வந்துரும். மேல விருந்து உப்பு. ஆஸ்பத்திரியில ஏத்தற சலைன்ல லிட்டருக்கு 9 கிராம் உப்பு, உடம்பும் கிட்டத்தட்ட அதே விகிதத்துலதான் தண்ணியைப் பிடிக்கும். 2.4 கிலோ கொழுப்பு ஏறணும்னா அவன் தேவைக்கு மேல 18,000 கலோரி தின்னிருக்கணும். ரெண்டு நாள்ல எந்த இலையிலும் அது நடக்காதுங்க.

முதல் வாரம் இறங்கின மூணு கிலோவுல பாதிக்கு மேல தண்ணின்னு எட்டாம் நாளே சொல்லியிருந்தா, திங்கக்கிழமை அவன் நின்னிருப்பான்.

வடமராட்சி

2015இல் கொழும்பில் செய்த ஆய்வு ஒன்று அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. கொதிக்கிற தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், அரைக் கோப்பை அரிசி, 40 நிமிடம் வேகவிட்டு 12 மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில். செரிக்காத மாப்பொருள் கூடுகிறது என்றுதான் அவர்கள் கண்டார்கள். மிகப் பொருத்தமான அரிசி அமைந்தால் கலோரி 50 முதல் 60 வீதம் குறையக்கூடும் என்றது எதிர்பார்ப்பு. அது செய்தித்தாளில் "பாதிக் கலோரி அரிசி" என்று வந்துவிட்டது.

கடை வைத்திருக்கும் ஒருவர் அதை நம்பி இரவு இரவாகச் சோறு ஆக்கித் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்தார். பாதிக் கலோரிதானே என்று ஒரு கோப்பை ஒன்றரைக் கோப்பையாகிவிட்டது. இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ ஏற்றம். "நான் குறைத்துத்தானே சாப்பிடுறன்" என்று அவர் கேட்ட குரல் இப்பவும் காதில் நிற்கிறது.

இந்தோனேசியாவில் வெள்ளைச் சோற்றை அளந்த கணக்கு இருக்கிறது. அப்போதே ஆக்கிய 100 கிராம் சோற்றில் 0.64 கிராம் செரிக்காத மாப்பொருள். ஒரு நாள் குளிரில் வைத்துச் சூடாக்கினால் 1.65. கூடியது ஒரு கிராம். அந்த ஒரு கிராமும் முழுதாய் வீணாவதில்லை, குடலில் கிருமிகள் புளிக்க வைத்துப் பாதி சக்தி உடம்புக்குள் வந்துவிடும். அதனால் 100 கிராமில் குறைவது 2 கலோரி, 300 கிராம் தட்டில் 6. ஊற்றிய தேக்கரண்டி எண்ணெய் 40. இரத்தத்தில் சீனி ஏறுவது கொஞ்சம் மட்டுப்படுகிறது, அது உண்மை. எடைக்கு அதனால் பயனில்லை.

பழஞ்சோறு சாப்பிட்டு மெலிந்தவர்கள் இருக்கிறார்கள். 150 கிராம் சோறு, அரை லீட்டர் தண்ணீர், வெங்காயம், மோர் என்று வயிறு நிறைந்துவிடும், அதுதான் காரணம். ஆக்கிய சோற்றை விடிய விடிய மேசையில் விடாதீர்கள். அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்து வேகும்போது சாவதில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் பரப்பி ஆறவிட்டு உள்ளே வையுங்கள்.

மெஸ் கணக்கு

முதல் பதிவு போட்ட அம்மாவுக்கு ஒன்று. வாங்கிய நாலு லிட்டரும் வயிற்றுக்குப் போகாது. அப்பளம், வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய் எங்கே போனது என்று கேட்டீர்களா? மூன்று பேருக்கும் சமமாக வகுத்ததும் சரியில்லை. யார் எத்தனை தோசை தின்றார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹாஸ்டலில் 60 பிள்ளைகளுக்குப் பூரி போடும் நாளில் வாணலியோடு சேர்த்து முன்னும் பின்னும் எடை போடுவோம். குறைந்ததுதான் பிள்ளைகள் தின்ற எண்ணெய். வீட்டிலும் அதையே செய்யலாம், ஆறிய பிறகு.

யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் எழுதுகிறேன். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையல் தராசு ஒன்று போதும்.

சோறு: அரிசியைப் பச்சையாக நிறுங்கள். 100 கிராம் வேகாத அரிசி சுமார் 350 கலோரி, வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறு. தண்ணீர் அளவுக்கு ஏற்ப மாறும் என்பதால் "ஒரு கப் சோறு" என்ற பேச்சே வேண்டாம். காலிக் குக்கரின் எடையை மூடியில்லாமல் எடுத்து, மார்க்கரால் அடியில் எழுதி வையுங்கள். வெந்ததும் மொத்த எடையில் அதைக் கழியுங்கள். 400 கிராம் அரிசி 1,120 கிராம் சோறானால், மொத்தம் 1,400 கலோரி, கிராமுக்கு 1.25. தட்டில் விழுந்த 220 கிராம் 275. இதில் பெரும்பாலோர் செய்கிற தவறு, வெந்த சோற்றை நிறுத்துவிட்டு ஆப்பில் வேகாத அரிசியைத் தட்டுவது. கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும், பயந்து பட்டினி கிடப்பார்கள், நாலாம் நாள் கைவிடுவார்கள். தலைகீழாக, வேகாததை நிறுத்துச் சோறு என்று தட்டினால் எடை இறங்கவே இறங்காது.

எண்ணெய்: ஞாயிறு காலை பாட்டிலை நிறுங்கள், அடுத்த ஞாயிறு மறுபடி. தாளிப்பைக் கரண்டி கரண்டியாக எழுதுவதைவிட இது உண்மைக்குப் பக்கம். நெய்யும் நல்லெண்ணெயும் தனித்தனியாக. இட்லிப்பொடிக்குக் குழைக்கும் எண்ணெய்தான் எல்லோரும் மறப்பது. இரண்டு டேபிள்ஸ்பூன் என்றால் 240 கலோரி. நாலு இட்லியே அவ்வளவுதான் இருக்கும்.

தேங்காய்: துருவியதை நிறுங்கள், 100 கிராமுக்கு 350. ஒரு மூடியை மூன்று பேர் சட்னியாகத் தின்றால் அது சட்னி இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு.

பாதாம்: லேபிளில் 28 கிராமுக்கு 170 என்று இருந்தாலும், அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வில் உடம்பு எடுத்துக்கொண்டது 129தான். செல் சுவருக்குள் சிக்கிய கொழுப்பு அப்படியே வெளியே போய்விடும். அரைத்துப் பாலில் கலந்தால் இந்தச் சலுகை குறைந்துவிடும். கலோரியே எல்லாம் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், லேபிளில் இருக்கும் எண்ணே உடம்புக்குள் போகும் எண் இல்லை.

எடை: காலையில் கழிப்பறை போய் வந்து, காபிக்கு முன், தினமும். ஏழு நாள் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். கோவைத் தம்பி சொன்ன தண்ணீர் விவகாரத்தில் நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கம் அதிலேயே அடங்கிவிடும்.

டயாபடீஸ் கிளினிக் நர்ஸ்

எல்லாரும் உள்ள போற பக்கத்தையே பேசுறீங்க.

58 வயசு ஐயா. சர்க்கரை மாசக்கணக்கா 300க்கு மேல. இன்சுலின் ஆரம்பிச்சோம். மூணு மாசத்துல நாலு கிலோ ஏறிட்டார். சாப்பாடு துளி மாறல, அவரோட வீட்டம்மா நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க. "ஊசிதான் ஏத்துது, நிறுத்திடறேன்"னு ஊசிப் பெட்டியை என் மேசையில வெச்சுட்டார்.

ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினா சிறுநீர்ல போக ஆரம்பிக்கும். நாளைக்கு 50 கிராம் போச்சுன்னா 200 கலோரி கழிவறையில போகுது. மாசக்கணக்கா அந்த ஓட்டையை நம்பித்தான் அவர் எடை நின்னிருக்கு. ஊசி ஓட்டையை அடைச்சுது. அதே சாப்பாடு இப்ப மொத்தமும் உடம்புல தங்குது. கூடவே நோட்டுல ஏறாத இன்னொண்ணு, காலை 11 மணிக்கு மயக்கம் மாதிரி வருதுன்னு ஒரு பாக்கெட் பிஸ்கட். சர்க்கரை 70க்குக் கீழ போனா 15 கிராம் குளுக்கோஸ் போதும், 60 கலோரி. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். அப்படி அடிக்கடி இறங்குதுன்னா டோஸ் கூடுதல்னு அர்த்தம், டாக்டர்கிட்ட சொல்லணும். பிஸ்கட் வெச்சு அதைச் சமாளிக்கக் கூடாது. டோஸைத் தானா குறைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

இதே ஓட்டையை வேணும்னே போடற மாத்திரையும் இருக்கு, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். நாளைக்கு 250 கலோரி வரை சிறுநீர்ல போகுது. கணக்குப்படி வருஷத்துக்குப் பத்து கிலோவுக்கு மேல போகணும். ரெண்டு மூணு கிலோவுல நின்னுடும். பசி கூடி, தெரியாமலே கூடச் சாப்பிடுறாங்க. ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் தானா நகருது. மெஸ்காரரே, உங்க தராசு இதைக் காட்டாது.

எடை இறங்கலன்னு வர்றவங்ககிட்ட முதல்ல மாத்திரைச் சீட்டைக் கேளுங்க. ஸ்டீராய்டுல பிரட்னிசோலோன், மனநல மருந்துல ஓலான்சபின், வலிப்பு மருந்துல வால்ப்ரோயேட், பழைய சர்க்கரை மாத்திரையில கிளிமிபிரைடு, பையோகிளிட்டசோன். எல்லாம் எடையை ஏத்தக்கூடியது, இதுல ஒண்ணு இருந்தாலே பேச்சு வேற.

உணவு அறிவியல் டீச்சர், சென்னை

நர்ஸ் சொன்னதை ஒட்டி. "கலோரி மட்டுமா"ங்கற கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. எடையை எது மாத்துதுங்கறது ஒண்ணு, இவ்வளவு சாப்பிட வைக்கிறது எதுங்கறது இன்னொண்ணு. 2019ல அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் குழு 20 பேரை உள்ளேயே தங்க வெச்சுது. ரெண்டு வாரம் பாக்கெட் உணவு, ரெண்டு வாரம் சமைச்ச உணவு. வெச்ச தட்டுல கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் சமம், வேணுங்கற அளவு சாப்பிடலாம். பாக்கெட் வாரங்கள்ல நாளைக்கு 500 கலோரி கூடப் போச்சு, 0.9 கிலோ ஏறிச்சு. மத்த ரெண்டு வாரத்துல 0.9 இறங்கிச்சு. தராசுக் கணக்கு எங்கேயும் பொய்க்கல. ஆனா அவங்க யாரும் எண்ணித் தின்னல.

மாணவி ஒருத்தி 1,200க்குள்ள ரஸ்க், டீ, பிஸ்கட்னு ஓட்டினா. மூணு நாளும் எண்ணிக்கை துல்லியம். நாலாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு, கேன்டீன் கண்ணாடியில கையை வெச்சுக்கிட்டு அசையாம நின்னா. அதே 1,200ல மூணு முட்டை, 150 கிராம் சுண்டல், தயிர்னு மாத்தினோம். புரதத்தை செரிக்கவே அதோட கலோரியில 20-30% செலவாகும், கொழுப்புக்கு 3%கூட ஆகாது. அந்த லாபம் சின்னது. அஞ்சு மணியைத் தாண்ட வெச்சது வயித்துல கிடந்த சுண்டல்.

மதுரை டயட்டீஷியன்

மெஸ் அண்ணனுக்கு: நீங்க சொன்ன மாதிரியே வாணலியை நிறுக்கச் சொன்னேன். சுட்டு மிஞ்சி விளக்குக்குப் போறது மாசம் 400 மில்லி. வயித்துக்குப் போனது 3.6 லிட்டர், ஆளுக்கு 328. ஆனா அவங்க வீட்டுக்காரர் மத்தியானம் வெளிய சாப்பிடுறார், அதனால அக்கா பங்கு 328க்கு மேலதான். கோவைத் தம்பி கேட்டதும் சரி, கடைசி எடை மாதவிடாய்க்கு நாலு நாள் முன்னாடி. அடுத்த மாசம் அதே நாள்ல போடச் சொல்லியிருக்கேன்.

எண்ணெய் பாட்டில் இப்ப தராசு மேலயே நிக்குது. போன வாரம் 850 கிராம் குறைஞ்ச இடத்துல இந்த வாரம் 610.