மாருதி 800 ப்ரீதர் ஹோஸ் வெடிச்சிருச்சு, வீட்லயே மாத்திரலாமா?

சேலத்துக்காரன்:
வணக்கம் மக்களே, வண்டி 2004 மாடல் 800, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர்ல பெட்ரோல் போற வகை), அப்பா வாங்குனது, இப்ப நான் ஓட்டுறேன்னு சொல்றத விட வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஏற்காடு அடிவாரம் வரைக்கும் போய்ட்டு வரேன்னு சொல்லலாம். ரெண்டு மாசமா ஐடில்ல (ஆக்சிலேட்டர் மிதிக்காம) நிக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறி ஏறி இறங்குது, பானட்ட தொறந்தா எங்கயோ உஸ்ஸுன்னு ஒரு சத்தம், இன்ஜின் தலைய மூடியிருக்குற டாப்பெட் கவர் மேல ஆயில் படிஞ்சு அதுல தூசி ஒட்டி கரி மாதிரி கெடக்கு. நல்லா பாத்ததுல டாப்பெட் கவர்ல இருந்து ஏர் கிளீனருக்கு போற பெரிய ஹோஸ், அதான் ப்ரீதர் ஹோஸ், முனையில பொளந்து இருந்துச்சு. பக்கத்து மெக்கானிக் கருப்பு டேப் சுத்தி விட்டாரு, பத்தே நாள்ல ஆயில்ல ஊறி அவுந்து தொங்குது. திரும்ப போனா "பிஸ்டன் ரிங்கு போச்சு தம்பி, இன்ஜின் எறக்கணும்"ங்கறாரு. எனக்கு மனசு ஒப்பல. வீட்ல ஸ்பேனர் செட்டு, ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் ப்ளையர் இருக்கு. கடையில ஹீட்டர் ஹோஸ் மீட்டர் கணக்குல தராங்க, அத வெட்டி போட்டா போதுமா? இல்ல வெடிப்பு மேல எம்சீல் வச்சு அடைச்சிரலாமா? ஐடில் ஆடுறதும் இதனால தானா?

கிரீஸ்கை:
தம்பி, மொதல்ல இன்ஜின் எறக்குற பேச்ச ஒதுக்கி வைங்க, அது கடைசி. ஆனா நீங்க டேப் சுத்துன ஹோஸால ஐடில் ஆடாது, அத தெளிவா சொல்லிடறேன்.

பிஸ்டன் ரிங்க தாண்டி கொஞ்சம் கேஸ் கீழ ஆயில் இருக்குற பக்கம் எறங்கும், புது இன்ஜின்லயும் எறங்கும். அத வெளிய எடுக்கத்தான் ரெண்டு ஹோஸ். பெருசு ஏர் கிளீனர் பக்கம் இருந்து நல்ல காத்த டாப்பெட் கவருக்கு கொண்டு வரும். சின்னது பிசிவி வால்வு (ஒரு பக்கமா மட்டும் கேஸ விடுற சின்ன வால்வு) வழியா அந்த கேஸ மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) இழுத்துட்டு போய் திரும்ப எரிய விட்டுரும். பெருசுல வெடிச்சா தூசி உள்ள போகும், ஆயில் வெளிய கசியும், அவ்வளவு தான். சின்னதுல வெடிச்சா கத வேற, ஐடில்ல த்ராட்டில் (காத்து உள்ள போற கதவு) மூடி இருக்கும்போது மேனிஃபோல்டுல வேக்கம் (உறிஞ்சுற இழுப்பு) அதிகம், அந்த வெடிப்பு வழியா த்ராட்டில் வழியா வராத கூடுதல் காத்து உள்ள போகும், உங்க வண்டில மேனிஃபோல்டு அழுத்தத்த அளக்குற மேப் சென்சார்ங்கறதால ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) அதுக்கும் சேத்து பெட்ரோல ஊத்தும், ஐடில் ஏறும், அப்பறம் அதுவே கொறைக்க பாக்கும், அதான் ஏறி ஏறி இறங்குறது. உஸ்ஸு சத்தமும் அங்க இருந்து தான் வரும்.

இன்ஜின நின்ன எடத்துலயே ஓட விட்டுட்டு ப்ளையர் வாய்ல துணி சுத்தி சின்ன ஹோஸ மேனிஃபோல்டு ஓரத்துல மெதுவா நசுக்கி பாருங்க. சத்தம் நின்னு ஐடில் சமமானா ஆள் மாட்டிக்கிச்சு. ஃபேன் கிட்ட கைய விடாதீங்க. நெட்ல பாத்துட்டு கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு லீக் தேடாதீங்க, சூடான இன்ஜின் மேல அது நெருப்பு சமாச்சாரம், செடிக்கு தண்ணி அடிக்கிற பாட்டில் போதும், வெடிப்பு மேல தண்ணி பட்டா சத்தம் மாறும்.

எம்சீல் வேணாம். அது கல்லு மாதிரி எறுகிரும், ரப்பர் ஆடுற ஆட்டத்துக்கு ஓரத்துல மறுபடி பொளக்கும், துண்டு ஒடைஞ்சு உள்ள விழுந்தா இன்னும் வம்பு. சிலிக்கான் பேஸ்ட்டும் ஆயில் ஊறுன ரப்பர்ல ஒட்டாது. முனையில மட்டும் வெடிச்சு ஹோஸ் நீளம் மிச்சம் இருந்தா வெடிச்ச துண்ட நேரா வெட்டிட்டு திரும்ப சொருகி கிளிப் போடுங்க, ஒரு மாசம் ஓட்டலாம். ஆனா ஒரு முனை வெடிச்சா மத்த முனையும் காஞ்சு தான் இருக்கும்.

யாழ்மாருதி:
அண்ணை, ஹீற்றர் ஹோஸ் மட்டும் போட்டுடாதேங்கோ. நான் உதே பிழையைச் செய்தனான். என்ர வண்டியும் 800 தான், கடையில ஹீற்றர் ஹோஸ் இருக்கு எண்டு வாங்கிப் போட்டன், ரெண்டு மாசத்தில ஊதிக் கொளகொளத்துப் போச்சு, கையால அமத்த பசை மாதிரி ஒட்டுது. அந்த ரப்பர் தண்ணிக்குத்தான் தாங்கும், எண்ணெய்க்குத் தாங்காது எண்டு பிறகுதான் ஒருத்தர் சொன்னவர். கடைசியா கொழும்பு போகேக்க பஞ்சிகாவத்தையில பெற்றோல் ஹோஸ் வாங்கிக்கொண்டு வந்து போட்டன், ரெண்டு வருசம் ஒண்டும் இல்லை.

கிரீஸ்கை:
யாழ்மாருதி சொல்றது நூத்துக்கு நூறு. கடைல "ஆயில் தாங்குற ஹோஸ், நைட்ரைல் ரப்பர்"னு கேளுங்க, பெட்ரோல் ஹோஸ் தரக்குறி எஸ்ஏஇ 30ஆர்7னு மேல பிரிண்ட் ஆகியிருந்தா தாராளமா வாங்கலாம். கலர் கலரா சிலிக்கான் ஹோஸ் தொங்கும், பாக்க ஜம்முனு இருக்கும், சாதா சிலிக்கான் ஆயில் ஆவிக்கு ஆகாது, கசிய ஆரம்பிச்சிரும். சின்ன ஹோஸுக்கு செவுரு கனமா இருக்கணும், இல்லன்னா வேக்கம் இழுத்து சப்பையாயிரும்.

வைகை800:
இதுக்கு இவ்வளவு எதுக்கு ப்ரோ. நான் ரெண்டு ஹோஸையும் புடுங்கிட்டு டாப்பெட் கவர்ல இருந்து ஒரு ட்யூப் எடுத்து வாட்டர் பாட்டில்ல விட்டுட்டேன். ஆயில் எல்லாம் பாட்டில்ல சேந்துருது, வண்டி ஓடுது.

கிரீஸ்கை:
மேனிஃபோல்டுல சின்ன ஹோஸ் சொருகுற அந்த நிப்பிள அடைச்சீங்களா இல்லையா? தொறந்து விட்டிருந்தா அது வெடிச்ச ஹோஸ விட பெரிய லீக்கு. அடைச்சிருந்தாலும் உள்ள இருக்குற ஈரத்தையும் பெட்ரோல் ஆவியையும் இழுக்க ஆளில்ல, ஆயில் சீக்கிரம் சேறாகும். பழைய லாரில ப்ரீதர் குழாய கீழ ரோட்ட பாத்து விட்டிருப்பாங்க, நின்ன எடமெல்லாம் சொட்டு சொட்டா கறை, அந்த காலத்து ஏற்பாடு அது. கார்ல அந்த நாத்தம் ஏசி வழியா உள்ள வரும், உங்க வீட்டம்மா இன்னும் ஒண்ணும் சொல்லலையா 😄

ஊட்டிகுளிரு:
சேலத்தண்ணா, கழட்டும்போது ஹோஸ் உள்ள பால்கோவா மாதிரி வெள்ளையா கொழகொழன்னு இருந்தா பயந்துறாதீங்க. எங்க ஊர்ல எல்லா வண்டிலயும் இருக்கும். வாரத்துக்கு ஒருக்கா கொஞ்ச தூரம் தான் ஓட்டுறேன்னு சொல்றீங்க, இன்ஜின் நல்லா சூடாகாம நிறுத்தினா உள்ள இருக்குற ஈரம் ஆவியா வெளிய போகாது, ஆயிலோட கலந்து அப்படி ஆகும். ரேடியேட்டர் தண்ணி கொறைஞ்சுகிட்டே வந்தா மட்டும் ஹெட் கேஸ்கெட்ட (தண்ணியும் ஆயிலும் கலக்காம தடுக்குற தகடு) சந்தேகப்படுங்க.

சேலத்துக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நசுக்கி பாத்தேன், கிரீஸ்கை அண்ணா சொன்னது அப்படியே, சின்ன ஹோஸ புடிச்சதும் உஸ்ஸு நின்னுருச்சு. மேல இருந்து பாத்தா புதுசு மாதிரி இருந்துச்சு, அடிப்பக்கம் வளைவுல விரல் நீளத்துக்கு கிழிஞ்சு கெடக்கு, கண்ணாடி வச்சு பாத்து தான் தெரிஞ்சது. ஞாயித்துக்கிழம கழட்டலாம்னு இருக்கேன். கழட்டும்போது எதாவது கவனிக்கணுமா? அந்த ரிங்கு பயம் இன்னும் போகல.

கிரீஸ்கை:
இன்ஜின் ஆறுனதும் பண்ணுங்க. இழுக்காதீங்க, மொதல்ல முறுக்கி ஒட்டு விடுபட்டதும் உருவுங்க. வரலன்னா கொஞ்சம் சுடுதண்ணி ஊத்துங்க, அப்பவும் வரலன்னா எப்படியும் தூக்கி போடப்போற ஹோஸ் தான, பிளேடால நீளவாக்குல கீறி உரிச்சிருங்க, நிப்பிள்ல மட்டும் கோடு விழக்கூடாது. டாப்பெட் கவர் ஓட்டைல துணிய திணிச்சு வைங்க, காஞ்ச ரப்பர் பொடிப்பொடியா உதிரும். அளவு தெரியலன்னா ட்ரில் பிட்டோட அடிப்பக்கத்த பழைய ஹோஸ்ல விட்டு பாருங்க, சரியா உக்கார்ற பிட்டு எத்தன எம்எம்மோ அது தான் உள்ளளவு, ஊதிப்போன முனைல அளக்காதீங்க. சின்ன ஹோஸுக்கு ஸ்க்ரூ கிளிப் ரவுண்டா புடிக்காது, ஸ்பிரிங் கிளிப்போ பெட்ரோல் லைன் கிளிப்போ போடுங்க. வளைவு ஜாஸ்தியா இருந்தா நேர் ஹோஸ் மடங்கி அடைச்சுக்கும், அதுக்கு அச்சுல வளைச்சே வர்ற ஒரிஜினல் தான் சரி, சென்னைன்னா ஜி.பி. ரோட்ல கெடைக்கும், உங்க ஊர்ல ஸ்பேர் கடையில சொல்லி வச்சா வரவழைச்சு தருவாங்க.

அப்படியே அந்த பிசிவி வால்வையும் கழட்டி ஆட்டி பாருங்க, உள்ள கடகடன்னு சத்தம் வரணும். சுத்தமா தொடச்சிட்டு ஒரு ட்யூப் சொருகி ஊதி பாருங்க, டாப்பெட் கவர் பக்கத்துல இருந்து ஊதினா காத்து போகணும், எதிர் பக்கத்துல இருந்து போகக்கூடாது. அது அடைச்சிருந்தா உள்ள பிரஷர் ஏறி கேஸ்கெட், ஆயில் சீல்னு எல்லா எடத்துலயும் கசியும், அத பாத்துட்டு தான் பாதி பேரு ரிங்கு போச்சும்பாங்க. ரிங்க பத்தி தெரியணும்னா கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர்ல எவ்வளவு அழுத்தம் ஏறுதுன்னு பாக்குறது) பண்ண சொல்லுங்க. கொறைவா காட்டுற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாத்து, அழுத்தம் ஏறுச்சுன்னா தான் ரிங்கு மேல பழி. இதெல்லாம் பாக்காம இன்ஜின் எறக்க ஒத்துக்காதீங்க. ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்ல ஆயில் மேல் கோட்ட தாண்டி இருக்கான்னும் பாருங்க, அதிகமா ஊத்தினாலும் ப்ரீதர் வழியா தள்ளும்.

சேலத்துக்காரன்:
அண்ணா முடிச்சிட்டேன். ஹோஸும் நாலு கிளிப்பும் சேத்து 240 ரூவா. பெரிய ஹோஸுக்கு நேர் ஹோஸே போதுமா இருந்துச்சு, சின்னதுக்கு அச்சு ஹோஸ் வர நாலு நாள் ஆச்சு. வால்வு ஆட்டினா சத்தமே இல்ல, உள்ள தார் மாதிரி அடைச்சிருந்துச்சு, பெட்ரோல்ல ஊற வச்சும் ரெண்டு பக்கத்துல இருந்து ஊதினாலும் ஒரே மாதிரி காத்து போகுது, அதனால புதுசு வாங்கிட்டேன். டிப்ஸ்டிக் பாத்தா மேல் கோட்டுக்கு மேல அர விரக்கட ஆயில், அத போன சர்வீஸ்ல யாரு ஊத்துனாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஐடில் இப்ப அப்படியே நிக்குது. டாப்பெட் கவர தொடச்சு விட்டு 300 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், ஓரத்துல மட்டும் லேசா ஈரம் இருக்கு. கம்ப்ரெஷன் டெஸ்ட் அடுத்த வாரம்.

வைகை800:
ப்ரோ அந்த வால்வு என்ன வெல ஆச்சு? நானும் பாட்டில கழட்டிரலாம்னு பாக்குறேன், நேத்து நெசமாவே வீட்ல கேட்டுட்டாங்க என்ன நாத்தம்னு.

கிரீஸ்கை:
😄 கழட்டறதுக்கு முன்னாடி நிப்பிள எத வச்சு அடைச்சிருக்கீங்கன்னு ஒரு போட்டோ போடுங்க.