விரிசல், குறை, பழுது: உலைக்கலன் சோதனைக்குச் சொற்கள்

வணக்கம்.

அணு உலையின் அழுத்தக் கலனை, அதாவது எரிபொருளையும் உயர் அழுத்த நீரையும் அடக்கி வைத்திருக்கும் தடித்த எஃகுக் கலனை, ஆராய்வது பற்றிய கட்டுரைக்கு ‘விரிசல் மதிப்பீடு’ என்ற சொல்லை நண்பர் ஒருவர் முன்வைத்திருக்கிறார். ‘மதிப்பீடு’ பொருத்தம்தான். ‘விரிசல்’ என்பதை மட்டும் இவ்வளவு தாராளமாகக் கையாள வேண்டாம் என்பது என் கருத்து. பெல்ஜியத்தில் நடந்ததைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

2012 கோடையில் அங்குள்ள டூல் 3 உலையின் கலனை மீயொலி (காதுக்கு எட்டாத ஒலி) செலுத்திச் சோதித்தார்கள். கலனின் உட்புறத்தில் பற்றவைத்துப் போர்த்தியிருக்கும் துருப்பிடிக்காத எஃகுப் படலத்துக்கு அடியில் நுண்விரிசல் உண்டா என்று தேடத்தான் போனார்கள். அப்படி எதுவும் அகப்படவில்லை. ஆனால் ஏறக்குறைய 20 செ.மீ. தடித்த சுவருக்குள்ளிருந்து எதிர்பாராத எதிரொலிகள் வந்தன, சுமார் 8,000. டூல் 3 கலன் உருவான அதே ரோட்டர்டாம் பட்டறையில் உருவான, பெல்ஜியத்தின் இன்னொரு உலையான தியாஞ்ச் 2-இன் கலனில் சுமார் 2,000. 2014இல் இந்த எண்ணிக்கைகள் 13,047 என்றும் 3,149 என்றும் ஆயின. செய்தியாகப் படிக்கிறவர் விரிசல் பெருகுகிறது என்றுதானே நினைப்பார்? உண்மையில், பதிவு வரம்பைத் தாழ்த்திச் சோதித்ததால் முன்பு கணக்கில் சேராத மெல்லிய எதிரொலிகளும் சேர்ந்துகொண்டன. எண்ணப்பட்டவை எதிரொலிகள்.

ஆகவே முதல் சொல் அதற்கு வேண்டும். ‘அறிகுறி’ என்று சொன்னவர்கள் உண்டு. அது நோயை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. வெறும் ‘குறி’ என்றால் வேறு பொருள்கள் குறுக்கே வரும். ‘எதிரொலிக் குறி’ எனலாம். கருவி சொன்னது இவ்வளவுதான் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

அந்தக் குறியை ஆராய்ந்து, உலோகத்துக்குள் ஏதோ இருக்கிறது என்று உறுதியானால் அது ‘குறை’. அந்தக் குறை விதிமுறை அனுமதிக்கும் எல்லையைத் தாண்டினால் ‘பழுது’. தொழில்நெறிகள் இந்த மூன்றையும் மிகக் கண்டிப்பாகப் பிரிக்கின்றன. நம் வார்ப்பாலைகளிலும் சிறு ‘ப்ளோ ஹோல்’ (வாயுக் குமிழி விட்ட துளை) தென்பட்ட வார்ப்பையெல்லாம் ‘ரிஜெக்ட்’ செய்வதில்லை. எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

‘விரிசல்’ என்பதைக் கூரிய முனையோடு திறந்துகொள்ளக்கூடிய, வளரக்கூடிய பிளவுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஓஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி உலையில் 2002இல் தெரியவந்தது அத்தகையது. கலன் மூடியைத் துளைத்துச் செல்லும் குழாய்களில் உண்மையான விரிசல்கள் விழுந்து, போரிக் அமிலம் கலந்த நீர் கசிந்து, சுமார் 15 செ.மீ. கனமுள்ள எஃகை ஓரிடத்தில் முழுவதுமாக அரித்துவிட்டது. அங்கே அழுத்தத்தைத் தாங்கி நின்றது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத உட்படலம். அதை யாராவது ‘குறை’ என்று எழுதினால் மழுப்பல்தான்.

டூலில் இருந்தவை வேறு வகை. உருகிய எஃகில் கரைந்திருந்த ஹைட்ரஜனுக்கு, எஃகு இறுகிக் குளிரும்போது இடம் போதாமல் போகிறது. வேதிச் சேர்மானம் சீராக இல்லாத பகுதிகளில் அது ஒதுங்கி, உள்ளிருந்தே மெல்லிய இடைவெளிகளை உண்டாக்குகிறது. இவற்றுக்கு ‘ஹைட்ரஜன் செதில்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலம். கலனின் சுவருக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்திருப்பவை. படுத்திருக்கும் திசைதான் முக்கியம். உள்ளழுத்தம் சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கிறது. சுவருக்குச் செங்குத்தாக நிற்கும் விரிசலை அந்த இழுப்பு அகலப்படுத்தும். இணையாகக் கிடக்கும் செதிலின் தளத்தோடேயே இழுப்பு ஓடுவதால் அதைத் திறக்க அதற்கு வலு குறைவு. சற்றுச் சாய்ந்திருப்பவையும், ஒன்றுக்கொன்று நெருங்கியவையும்தான் கவலை தருபவை. நெருங்கிய செதில்களை ஒரே பெரிய குறையாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது விதி. அதற்குக் ‘கூட்டுக் குறை’.

இனி மதிப்பீட்டின் மையமான இரண்டு அளவுகள். குறையின் முனையில் எவ்வளவு நெருக்கடி என்பது ஒன்று. எஃகு எவ்வளவு தாங்கும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அலகு ஒன்றே, மெகாபாஸ்கல் பெருக்கல் மீட்டரின் வர்க்கமூலம். முதலாவதைத் ‘தகைவுச் செறிவு’ என்றால் (தகைவு என்பது ‘ஸ்ட்ரெஸ்’), துளை ஓரத்தில் தகைவு கூடுவதோடு குழம்பும். அதைத் ‘தகைவுக் குவிப்பு’ என்று விட்டுவிட்டு, இதை ‘முனைச்செறிவு’ என்போம். இரண்டாவது ‘முறிவுத் தாங்குதிறன்’. எல்லா நிலைமைகளிலும் முனைச்செறிவு, போதிய இடைவெளியோடு, தாங்குதிறனுக்குக் கீழே இருக்க வேண்டும். மிகக் கடுமையான நிலைமை, குழாய் உடைந்து சூடான கலனுக்குள் அவசரக் குளிர்நீர் பாயும் தருணம். அதனால்தான் பெல்ஜியத்தில் அந்த நீரையே முன்கூட்டிச் சூடேற்றி வைக்கச் செய்தார்கள்.

தாங்குதிறனும் நிலையானதல்ல. நியூட்ரான் தாக்கத் தாக்க எஃகுக்கு ‘நொறுமை’, அதாவது எளிதில் உடையும் தன்மை, ஏறும். 2014இல் செதில்கள் கொண்ட ஒரு பிரெஞ்சு எஃகு மாதிரியை பெல்ஜியத்தின் மோல் நகரிலுள்ள ஆய்வு உலையில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியபோது, கணித்ததைவிட அதிக நொறுமை ஏறியது. டூல் 3, தியாஞ்ச் 2 இரண்டையும் நிறுத்தினார்கள். ஒரு ஜெர்மன் மாதிரியில் அந்த விளைவு தெரியவில்லை. பிரெஞ்சு மாதிரி விதிவிலக்கு என்று முடிவாகி, 2015 நவம்பரில் மீண்டும் இயக்க அனுமதி கிடைத்தது. எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 2017 ஜூனில் தியாஞ்சிலிருந்து ஜெர்மனியின் ஆகன் நகர் வரை சுமார் 50,000 பேர் கைகோத்து நின்றார்கள். அவர்கள் அச்சத்தை அறியாமை என்று தள்ள நான் தயாரில்லை. தெளிவான சொல் அவர்களுக்கும் உரியது. டூல் 3 2022 செப்டம்பரிலும் தியாஞ்ச் 2 2023 ஜனவரியிலும் நிரந்தரமாக மூடப்பட்டன.

நமக்கும் இது தொலைவான விஷயமில்லை. கூடங்குளத்தில் இருப்பவை அழுத்தக் கலன் உலைகள். கல்பாக்கத்துக் கனநீர் உலைகளில் அழுத்தக் குழாய்கள். ‘கலன்’, ‘குழாய்’ இரண்டையும் செய்திகளில் கலந்து எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

தலைப்பை ‘குறை மதிப்பீடு’ என மாற்றலாம். ‘குறைத்து மதிப்பிடுதல்’ என்ற வழக்கோடு மோதுகிறது என்று யாராவது சொன்னால், அது நியாயமான ஆட்சேபம். அப்படியானால் ‘கலன் குறையாய்வு’. எழுதிப் பார்த்தேன்: “13,047 எதிரொலிக் குறிகள் பதிவாயின. அவை ஹைட்ரஜன் செதில்கள் எனக் கலன் குறையாய்வில் முடிவானது. கூட்டுக் குறைகளின் முனைச்செறிவு முறிவுத் தாங்குதிறனோடு ஒப்பிடப்பட்டது.” எனக்குத் தடங்கலின்றி ஓடுகிறது. ‘நொறுமை’ மட்டும் காதுக்குப் புதிது. அதைவிடப் பழகிய சொல் உலோகவியல் படித்தவர்களிடம் இருந்தால் தாருங்கள்.