கிட் எப்படி கைட் ஆகிறது? கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். மகளுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லித் தரப்போய் நானே மாட்டிக்கொண்டேன். நமக்குக் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அவ்வளவுதான். ஷிப், ஷீப் வரை இந்தக் கணக்கு ஓடுகிறது. ஆனால் கிட் (kit) குறிலாம். கடைசியில் ஆங்கில ஈ (e) எழுத்து சேர்ந்து கைட் (kite) ஆனால் நெடிலாம். இகரம் நீண்டால் ஈகாரம்தானே, ஐகாரம் எங்கிருந்து வந்தது?

15ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி ஆங்கில நெடில்கள் இடம் மாறிவிட்டன, எழுத்துக்கூட்டல் மட்டும் பெரும்பாலும் பழையபடியே நின்றுவிட்டது என்று படித்தேன். சரி, காரணம் புரிகிறது. அதை எட்டு வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? கிவ், ஹேவ் இரண்டிலும் கடைசியில் அதே ஈ இருக்கிறது, விதிக்கு மட்டும் அடங்குவதில்லை. லிவ், லைவ் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே!

அப்புறம் இன்னொன்று. துடிப்புக்கும் பீட் (beat), கோர்க்கும் மணிக்கும் பீட் (bead). தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. காதில் மணிதான் கூடுதலாக நீள்கிறது, கடைசி மெய் அதிர்ந்து ஒலிப்பதால்.

சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதலில் விதியைச் சொல்லிவிட்டு விலக்குகளுக்குப் போகலாமா, இல்லை ஜோடி ஜோடியாகக் கேட்கவைத்தே பழக்கலாமா? குறில், நெடில் என்ற சொற்களையே தவிர்த்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.