காந்திகிராமத்தில் படித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஊரக வளர்ச்சி, முதுகலை, 2006–08

அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். காந்திகிராமத்தில் சேர்க்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. "அது என்ன படிப்பு, படித்தால் வேலை கிடைக்குமா?" என்று அண்ணி கேட்டார். அரை மணி நேரம் போனில் பேசியும் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அங்கே படித்த நீங்களும் எழுதினால் அவளிடம் அப்படியே காட்டிவிடுவேன்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயிலில் வந்தால் அம்பாத்துரையில் இறங்க வேண்டும். டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. 'நிகர்நிலை' என்றதும் லட்சக்கணக்கில் நன்கொடை கேட்கும் தனியார் கல்லூரி என்று அண்ணி பயந்துவிட்டார். அப்படி இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதியில் நடக்கும் இடம் அது. 'கிராமிய' என்று பெயரில் இருப்பதால் விவசாயம் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். இயற்பியல், கணினி, சிவில் பி.டெக். எல்லாம் உண்டு.

என்னை மாற்றியது வி.பி.பி. அதாவது வில்லேஜ் பிளேஸ்மென்ட் புரோகிராம். வகுப்பு மொத்தமும் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சில நாட்கள் அங்கேயே தங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படுக்கை, ஊர்க்காரர்கள் கிணற்றில் குளியல். மூன்றாம் நாள் மந்தையில் கோலப்பொடி வைத்து ஊர் வரைபடம் போட்டோம். மக்களைக் கூட்டி அவர்கள் கையாலேயே வரைய வைக்க வேண்டும் என்பதுதான் பாடம். அவசரத்தில் பாதிக்கு மேல் நாங்களே வரைந்துவிட்டோம். கோயில், ரேஷன் கடை, கண்மாய், மேல்நிலைத் தொட்டி என்று அழகாக வந்திருந்தது.

ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு போன ஒரு பாட்டி நின்று பார்த்தார். "எங்க தெரு எங்கப்பா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியை விட்டுவிட்டோம். பாட்டி குழையைக் கீழே போட்டார், என் கையிலிருந்த பொடியை வாங்கினார், நாங்கள் போட்ட எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் மூன்று கோடு இழுத்தார். நடுவில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். "இது அடிகுழாய். தண்ணி வராம எட்டு மாசம் ஆச்சு."

சார் எங்களைத் திட்டவில்லை. மறுநாள் காலையில் காலனிக்கே கூட்டிப்போய், அங்கிருந்து முதல் கோட்டைத் தொடங்கச் சொன்னார். இன்று ராமநாதபுரம் பக்கம் குடிநீர்த் திட்டத்தில் வேலை செய்கிறேன். புது ஊருக்குப் போனால் இப்போதும் கடைசித் தெருவிலிருந்துதான் நடக்கத் தொடங்குகிறேன்.

கூட்டுறவு, பி.காம்., 2010–13

அண்ணா, உங்கள் அண்ணன் மகள் தமிழ்வழியில் படித்தவளா? அப்படியென்றால் இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

நான் வேடசந்தூர் பக்கம், பன்னிரண்டு வரை தமிழ்வழி. முதல் செமஸ்டரில் 'டெப்ரிசியேஷன்' என்று பாடம் நடந்தபோது ஒன்றும் ஏறவில்லை. முதல் இன்டர்னலில் ஒற்றை இலக்க மதிப்பெண். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டி கட்டிவிட்டேன். சின்ன வகுப்பு என்பதால் இரண்டு நாள் வராதது உடனே தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் மேடமே விடுதிக்கு வந்துவிட்டார். கட்டிலில் இருந்த பெட்டியைப் பார்த்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்க அப்பா தோட்டத்துல மோட்டார் இருக்கா? வாங்கினப்போ என்ன விலை? இப்போ வித்தா என்ன தருவான்?" என்று கேட்டார். வாங்கும்போது பதினெட்டாயிரம், இப்போது ஏழாயிரம் தேறினால் பெரிது என்றேன். "ஏன் குறைஞ்சுது?" "ஓடி ஓடித் தேஞ்சிருக்கு மேடம்." "அதுதாம்மா டெப்ரிசியேஷன். உனக்குப் பாடம் தெரியுது, அந்தச் சொல்லுதான் தெரியல."

அன்று முதல் தினமும் மாலை ஐந்து மணிக்கு அவர் அறைக்குப் போவேன். முதலில் தமிழில் சொல்ல வேண்டும், அப்புறம் அதையே இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுத வேண்டும். நான்கு பேராகப் போனோம், இரண்டாம் ஆண்டில் எங்கள் ஜூனியர்களுக்கு நாங்களே சொல்லிக்கொடுத்தோம். எனக்குக் கிடைத்த உதவி என்று யாராவது கேட்டால் ஸ்காலர்ஷிப்பை அடுத்ததாகத்தான் சொல்வேன்.

வேலை பற்றியும் உண்மையைச் சொல்கிறேன். முதல் நேர்காணல் மதுரையில் ஒரு நிதி நிறுவனத்தில். சான்றிதழைப் பார்த்துவிட்டு, "கிராமியப் பல்கலைக்கழகமா? விவசாயமா படிச்சீங்க?" என்று கேட்டு இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அவளுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம், முன்பே தெரிந்திருக்கட்டும். கூட்டுறவுத் தேர்வு வருகிறது, புத்தகங்களை எடுத்து வை என்று சொன்னது எங்கள் துறையில் படித்த ஒரு சீனியர் அக்கா. இப்போது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் இருக்கிறேன். பயிர்க்கடனுக்குச் சிட்டா அடங்கலோடு வருகிறவர்களுக்கு வட்டிக் கணக்கை நான் விளக்கும் முறை, அந்த மோட்டார் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் கோர்ஸ்

நான் அதிகம் எழுதத் தெரிந்தவன் இல்லை. பட்டம் முடித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்த பிறகு இந்தக் கோர்ஸில் சேர்ந்தேன். குழாய் நீரில் குளோரின் பார்ப்பதை அங்கேதான் கற்றேன். குழாயில் நீரைப் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். அதை அட்டையில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். தெருக்கோடி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் எங்கள் சார் நோட்டைத் திருப்பித் தந்துவிடுவார். இப்போது ஒரு நகராட்சியில் இருக்கிறேன். எங்கள் செட் ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் இருக்கிறார்கள். ஓர் ஊரில் வயிற்றுப்போக்கு என்றால் பக்கத்து ஊர்க்காரர் உடனே சொல்லிவிடுவார், நாங்களும் அன்றே குழாய்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

ஊரக வளர்ச்சி, முதுகலை, 2006–08 (மீண்டும்)

எழுதிய எல்லோருக்கும் நன்றி. அண்ணியும் படித்தார். மோட்டார் கதையை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

அண்ணன் மகள் கேட்டது ஒன்றுதான். "அந்த அடிகுழாய் சரியாச்சா சித்தப்பா?"

ஆச்சு. ஜனவரி 26 கிராம சபைக்கு மனு எழுத நாங்கள் உதவினோம். ஆனால் எழுந்து பேசியது அந்தப் பாட்டிதான். உள்ளே ராடையும் வாஷரையும் மாற்ற மார்ச் ஆகிவிட்டது. செமஸ்டர் தேர்வு முடிந்ததும் நாங்கள் ஐந்து பேர் பார்க்கப் போனோம். பாட்டி குடத்தை வைத்துவிட்டு, "நீயே அடி" என்றார். ஏழெட்டு அடி வெறும் காற்று. அப்புறம் தண்ணீர் வந்தது.