சயாம் ரயில் பாதை, கோஹிமா, ஈப்ர்: போர்க்களச் சுற்றுலா போனவர்கள் பகிர்ந்தவை

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போகிற வேன்கள் பெரும்பாலும் முதலில் நிற்பது க்வாய் ஆற்றுப் பாலத்தில்தான். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையின் பாலம் அது. எங்கள் வேனும் அங்கேதான் நின்றது. இறங்கியதுமே எல்லோரும் தண்டவாளத்தில் ஏறிப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கைடு ஒரு தாய்லாந்துப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். கூட்டத்தின் ஆசை அடங்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் ஆரம்பித்தார். வளைவான இரும்புச் சட்டங்கள் ஜப்பானியர்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் வளைவில்லாமல் இருக்கிற இரண்டும், குண்டுவீச்சில் விழுந்த பகுதிக்காகப் போர் முடிந்த பிறகு வைத்தவை. நீங்கள் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ திரைப்படத்தில் பார்த்த பாலம் இது இல்லை, அதை இலங்கையில் கித்துல்கலவில் எடுத்தார்கள் என்றும் சொன்னார். இரண்டு மூன்று பேருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

நான் போனது பாலத்துக்காக இல்லை. பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் இருந்த எங்கள் தாத்தாவுக்கு ஓர் அண்ணன். ‘சயாமுக்குப் போனவர்’ என்பதோடு வீட்டில் அவர் பேச்சு முடிந்துவிடும். மலேசியத் தோட்டத்துக் குடும்பங்களில் இப்படி ஒருவரைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு.

பாலம் முடிந்ததும் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 பேர்: பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, படைப்பிரிவு பொறித்த பலகை. பலவற்றில் குடும்பத்தார் எழுதித் தந்த ஒரு வரியும் உண்டு. எங்களோடு வந்த ஆஸ்திரேலிய அம்மையார் ஒருவர் தன் சித்தப்பாவைத் தேடி வந்திருந்தார். கைடு முன்கூட்டியே வரிசை எண்ணை எடுத்துவைத்திருந்ததால் ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தில் நின்றோம். அவர் மண்டியிட்டு, புல்லைத் தடவிக்கொடுத்துவிட்டு எழுந்தார். பிறகு என்னைப் பார்த்து, “உங்கள் தாத்தாவின் அண்ணன் எந்த வரிசை?” என்று கேட்டார். வேனில் வரும்போது அவரிடம் கதையைச் சொல்லியிருந்தேன். அவருக்கு வரிசை கிடையாது என்றேன். அந்த அம்மையாருக்கு அது புரியவே இல்லை. கைடுதான் விளக்கினார்.

415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். கைதிகளில் 12 ஆயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். மலாயா, பர்மா, ஜாவா என்று பல இடங்களிலிருந்து கொண்டுவந்த கூலித் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. கைதிகள் முகாமில் அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று உத்தரவு போட அதிகாரிகள் இருந்தார்கள். இறந்தவர் பெயரை ஒளித்தாவது எழுதிவைத்தார்கள். கூலி முகாமில் இதில் ஒன்றும் இல்லை. சம்பளம் உண்டு, கொஞ்ச மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கூட்டிவந்தவர்களும், ஆள் கிடைக்காதபோது பிடித்து ரயிலேற்றியவர்களும்தான் அங்கே இருந்தார்கள். சிலர் மனைவி மக்களோடு வந்திருந்தார்கள். 1943 மழையில் காலரா பரவியதும் முகாம் முகாமாகச் செத்துப்போனார்கள். அந்த ஆண்டின் நடுவில், கைதிகளில் இருந்த மருத்துவர்களையே கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று இரண்டு குழுக்களாக்கிக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். நம்மவர்களுக்கு என்ன நடந்தது என்பதில் ஒரு பகுதி அவர்கள் வழியாகத்தான் வெளியே தெரிந்தது.

கைடு இதைச் சொல்லி முடித்துவிட்டு, மற்றவர்களிடம் சம்மதம் கேட்டு, பயணத் திட்டத்தில் இல்லாத இரண்டு இடங்களுக்கு வண்டியைத் திருப்பினார். முதலாவது, ஆற்றங்கரையில் ஜப்பானிய ராணுவமே 1944-இல் கட்டிய நினைவுத்தூண். அதன் பலகைகளில் ஒன்று தமிழில் இருக்கிறது! சாகடித்தவர்களே எழுப்பிய தூணில் நம் எழுத்து. கைடு அங்கே பலமுறை வந்திருக்கிறாராம், ஆனால் அதை வாசித்துக் காட்ட ஆள் கிடைத்ததில்லையாம். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கோபமா வேறு ஏதாவதா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது, குரல் மட்டும் சரியாக வரவில்லை.

இரண்டாவது, தாவோர்ன் வராராம் கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களைச் சேர்த்துப் புதைத்த இடம். 2023-இல் அங்கே தமிழர்களுக்கென்று ஒரு நடுகல்லும் வைத்திருக்கிறார்கள். சூடம் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மையாரும் பக்கத்தில் நின்றார்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். முன்பதிவு செய்யும்போதே “கூலித் தொழிலாளர்கள் புதைந்த இடத்துக்கும் கூட்டிப்போவீர்களா?” என்று கேளுங்கள். பாலம், அருவி என்று பட்டியல் போடுகிறவர்கள் விழிப்பார்கள். தெரிந்த கைடு என்றால் அந்தக் கேள்வியிலேயே உற்சாகமாகிவிடுவார்.

* * *

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் போனது நாகாலாந்தின் கோஹிமா. அங்கேயும் இதே கதைதான், ஆனால் வேறு கோணம்.

துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை, அந்தப் பக்கம் ஜப்பானியப் படை என்று 1944 ஏப்ரலில் கையெறி குண்டு வீசும் தூரத்தில் சண்டை போட்ட இடம் அது. இன்று கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே மைதானத்தின் கோடுகளை வெள்ளையாக அடையாளம் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் எத்தனை தடவை படித்திருந்தாலும், நேரில் நிற்கும்போதுதான் ‘இவ்வளவு சின்ன இடமா!’ என்று வயிற்றைப் பிசைகிறது. 1,420 கல்லறைகள். மேலே ஏறினால், தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனி நினைவுச்சின்னம். நிறைய பேர் கீழேயே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஏறிப் பாருங்கள்.

எங்கள் கைடு ஒரு நாகா இளைஞர். எந்தப் படை எந்த மேட்டைப் பிடித்தது என்பதை வேகமாக முடித்துவிட்டார். அவர் நிறுத்திச் சொன்னது தன் பாட்டி கதையை. ஊரை விட்டுக் காட்டுக்குள் ஓடியது, திரும்பி வந்தபோது நெல்லும் இல்லை, மாடும் இல்லை, வீடும் இல்லை என்பதை. சாப்பாடு இல்லாமல் உத்தரவை மீறிப் படையைத் திருப்பிக்கொண்டு போன ஜப்பானியத் தளபதி சாத்தோவைப் பற்றிப் பேசும்போது, “அவங்க பசி எங்க பாட்டிக்குத் தெரியும், எங்க பாட்டி பசி அவங்களுக்குத் தெரியாது” என்றார். எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி அதுவரை வரைபடத்தை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர். அதற்குப் பிறகு பாட்டியைப் பற்றித்தான் கேட்டார்.

நாகாலாந்துக்குள் நுழைய இந்தியர்களான நமக்கும் இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், மறக்காதீர்கள். டிசம்பர் முதல் பத்து நாளும் நாகாக்களின் ஹார்ன்பில் திருவிழாக் கூட்டம். போர்க்களம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

* * *

பெல்ஜியம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஈப்ர் நகரத்தில், முதல் உலகப்போரில் இறந்து கல்லறை தெரியாமல் போன வீரர்களுக்காக எழுப்பிய மெனின் வாயிலில் தினமும் இரவு 8 மணிக்கு ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற அஞ்சலி இசையை ஊதுவார்கள். 1928 முதல் நடக்கிறது, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி ஊரைப் பிடித்துவைத்திருந்த ஆண்டுகள்தான் விதிவிலக்கு. ஊதி முடித்ததும் கைதட்டக் கூடாது. எங்களோடு வந்த ஒருவர் தட்டிவிட்டார், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பாவம்.

சுவரில் உள்ள 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் இந்திய வீரர்களும் இருக்கிறார்கள். ஆனால் நம்மவர்களுக்கென்றே உள்ள நூவ் ஷாப்பெல் நினைவிடம் எல்லை தாண்டி பிரான்சில் இருக்கிறது. 4,700-க்கும் அதிகமான பெயர்கள். பொதுவான பஸ் சுற்றுலாவில் அது பெரும்பாலும் வராது, தனி கார்தான். நாங்கள் போன மாலையில் எங்களைத் தவிர அங்கே யாருமே இல்லை.

* * *

காஞ்சனபுரி பற்றி எழுதியவருக்கு: என் அப்பாவுக்கு 78 வயது. அவருடைய மாமாவும் அந்தப் பாதையில் போனவர்தான். பாறையைக் குடைந்து பாதை போட்ட ஹெல்ஃபயர் பாஸ் வரை அவரைக் கூட்டிப்போக முடியுமா? பர்மா எல்லைப் பக்கம் போக வழி உண்டா?

* * *

தம்பி, தாராளமாகக் கூட்டிப்போங்கள், ஆனால் ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். பாங்காக்கிலிருந்து காலையில் கிளம்பி இரவில் திரும்புகிற பயணம் பெரியவர்களை வாட்டிவிடும். காஞ்சனபுரியில் தங்குங்கள். ஹெல்ஃபயர் பாஸ் அங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையம் மேலேயே இருக்கிறது, அதை அப்பா வசதியாகப் பார்க்கலாம். பாறையைக் கையால் குடைந்த இடத்துக்குப் படிக்கட்டில் இறங்கி ஏற வேண்டும், முழங்கால் வலி இருந்தால் யோசியுங்கள். அதற்குப் பதில் ‘நாம் டோக்’ என்ற ஊருக்குப் போகிற ரயிலில் உட்காரவையுங்கள். வாம்போ பக்கம் குன்றை ஒட்டி மரத்தூண்கள் மேல் ரயில் ஊர்ந்து போகும், அது பழைய பாதையேதான்.

எல்லைப் பக்கம் இருந்த முகாம்களில் சில வஜிரலோங்கோன் அணையின் நீருக்கடியில் போய்விட்டன. பாதையின் பர்மா முனையில் உள்ள தன்பியுசயாத் கல்லறைத் தோட்டம் மியான்மருக்குள் இருக்கிறது, இப்போதைய நிலைமையில் அப்பாவை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நினைக்க வேண்டாம். மாமாவின் பெயர், தோட்டத்தின் பெயர் இரண்டையும் எழுதி எடுத்துப் போங்கள். கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே உள்ள ரயில்வே அருங்காட்சியகத்தில் விசாரித்துப் பாருங்கள்.