‘மஞ்சக்குப்பம் வீடு’ குழுவில் துகள் கவிதைகள்

யாழினி: ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து, பக்கத்துக்கு ஒரு கவிதை. நாளைக்கு ஜெராக்ஸ் போடுகிறேன். அதற்கு முன் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நியூட்ரினோ

வந்தது.
போனது.
நடுவில் நான்.

அத்தை (முத்தியால்பேட்டை): எங்கள் தெருக் கரண்ட்டைப் பற்றி எழுதினாயா?

பெரியப்பா: சூரியனிலிருந்து வரும் நுண்துகள் அது. உன் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நுழைந்து வெளியே போகிறது.

அத்தை: ராத்திரியில் நிம்மதியா, அண்ணா?

பெரியப்பா: ராத்திரியிலும் அதே கணக்குதான். பூமியைத் துளைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து வரும். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் பிடித்தார்கள். மற்ற கதிர்கள் குறுக்கே வராமலிருக்க அவ்வளவு ஆழம் வேண்டியிருந்தது. யாழினி, கோலாரைச் சேர்.

யாழினி: சேர்த்தால் அது பாடம், பெரியப்பா. அடுத்தது:

மியூவான்

அதற்கு ஒரு கணம்.
நமக்குப்
பதினைந்து கிலோமீட்டர்.

கார்த்தி: புரியவில்லை. பாதி தூக்கத்தில் எழுதினாயா?

பெரியப்பா: புரியும், இரு. விண்வெளியிலிருந்து வரும் கதிர் மேலே சுமார் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதும்போது பிறக்கும் துகள்தான் மியூவான். சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனால் தரைக்கு வந்து சேர்கிறது. அந்த வேகத்தில் அதன் கடிகாரம் நம் பார்வைக்கு மெதுவாக ஓடும். ஐன்ஸ்டைன் சொன்னது.

கார்த்தி: நான் இப்போது சில்வர் பீச்சில் நிற்கிறேன். இங்கேயும் விழுமா?

பெரியப்பா: உள்ளங்கையை நீட்டு. நொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்.

கார்த்தி: நீட்டினேன். பக்கத்தில் சுண்டல் விற்கிறவர் பொட்டலம் வைத்துவிட்டார் 😄

அத்தை: எனக்கும் ஒன்று வாங்கி வை.

பெரியப்பா: யாழினி, இதற்காவது கீழே நாலு வரி குறிப்பு போடு. கார்த்திக்கே புரியவில்லை.

யாழினி: மூன்று வரிக்கு நாலு வரி குறிப்பா? மாட்டேன். புரியாதவர்கள் உங்களிடம் வரட்டும். கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயர் போடுகிறேன்.

பெரியப்பா: ம்... அதைப் பெரிய எழுத்தில் போடு.

யாழினி: கடைசி.

எலக்ட்ரான், பாசிட்ரான்

சந்தித்தன.
வெளிச்சம்.

அத்தை: அடடா! இதை என் மகள் கல்யாணப் பத்திரிகையில் போடலாமே.

பெரியப்பா: போடாதே. பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள். சந்தித்த இரண்டுமே மிஞ்சாது. காமாக் கதிர்தான் மிஞ்சும், அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அத்தை: ஐயோ, வேண்டவே வேண்டாம். பழைய மாதிரி மங்கள வாழ்த்தே இருக்கட்டும்.

யாழினி: இன்னும் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. ஹிக்ஸ் துகளைப் பற்றி எழுதட்டுமா?

பெரியப்பா: எழுது. 2012 ஜூலை 4 அன்று அதைக் கண்டுபிடித்ததாக ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் அறிவித்தபோது வகுப்பை நிறுத்திவிட்டுப் பசங்களுக்குச் சொன்னவன் நான். ஆனால் ‘கடவுள் துகள்’ என்று எழுதினால் இந்தக் குழுவை விட்டே போய்விடுவேன்.

அத்தை: அண்ணா, நீங்கள்தான் அட்மின்.