சேலத்து டெமோ, நேரலை, பாட்காஸ்ட்: இன்னும் உறுத்துற அந்த ஒரு நொடியை எழுதுங்க

செவ்வாப்பேட்டை_ஓரம்

ஆன்லைன் டெமோ நாள், மூணாவது டீம். கொலுசுப் பட்டறைங்களுக்குக் கணக்கு ஆப். திரையில ஒரு பட்டறைக்காரர் பேரைத் தொட்டதும் ‘பாக்கி ₹38,400’னு வந்தது. சிவதாபுரத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் மைக்கைத் திறந்தார். “தம்பி, நான் பணம் பாக்கி வைக்கிற ஆளு இல்லைங்க. வெள்ளிதான் பாக்கி.” டெமோ கொடுத்தவரோட மவுஸ் அந்த ₹ குறி மேலயே நின்னுடுச்சு.

ஆப் நல்லாத்தான் இருந்தது, கணக்குதான் வேற. இந்தத் தொழில்ல ஒரே ஆளுக்கு ரெண்டு பேரேடு: உலோகம் ஒண்ணு, கூலி ஒண்ணு. வியாபாரி 2,000 கிராம் கட்டி வெள்ளி 99.9 டச்சுல (நூறுக்கு எவ்வளவு சுத்த வெள்ளிங்கிறதுதான் டச்) கொடுக்கிறார்னு வைங்க. ஃபைன், அதாவது அதுல இருக்கிற சுத்த வெள்ளி, 1,998. பட்டறை 2,400 கிராம் கொலுசை 80 டச்சுல திருப்பித் தருது. ஃபைன் 1,920. வித்தியாசம் 78. சேதாரம் கிலோவுக்கு 15 கிராம்னு பேசியிருந்தா 36 கழியும், மீதி 42 கிராம் பட்டறை பேர்ல நிக்கும். அந்த 42-ஐ ரூபாயா மாத்துற உரிமை ஆப்புக்குக் கிடையாது. வெள்ளி விலை காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரெண்டு பேரும் “இன்னைக்கு ரேட்டுல முடிச்சுக்கலாம்”னு ஒத்துக்கிட்டாத்தான் அது ரூபாய்.

கல், எனாமல் எடையைக் கழிச்ச பிறகுதான் டச்சால பெருக்கணும். சேதாரம் மொத்த எடையிலயா ஃபைன்லயாங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், அதனால அது ஆப் செட்டிங்ல இருக்கக் கூடாது, பார்ட்டி பேர்ல இருக்கணும். வரியும் ரெண்டு: பொருளுக்கு 3 சதவீதம், நகை ஜாப் ஒர்க் கூலிக்கு 5. டெமோ பில்லுல ரெண்டும் ஒரே லைன்ல இருந்தது, அதை யாருமே கேட்கலை. வெள்ளி பட்டறைக்குப் போறப்ப பில் இல்லை, டெலிவரி சலான் (விக்காம சரக்கை அனுப்புறப்ப போடற சீட்டு). ஒரு வருஷத்துக்குள்ள சரக்கு திரும்பணும். அந்தத் தேதியை ஞாபகப்படுத்தினாலே பாதிப் பேர் ஆப்பை வாங்குவாங்க.

ஜங்ஷன்_பைத்தான்

இதுக்கா இவ்வளவு? டேபிள்ல ‘ஃபைன்’னு ஒரு காலம் (நெடுவரிசை) சேர்த்தா முடிஞ்சது.

செவ்வாப்பேட்டை_ஓரம்

காலம் சேர்க்க அஞ்சு நிமிஷம்தாங்க. அதுல எதைப் போடுவீங்க? ஃப்ளோட் (கம்ப்யூட்டர் தோராயமா வைக்கிற தசம எண்) போட்டா 0.1-ம் 0.2-ம் கூட்டினா 0.30000000000000004. பிழை தம்மாத்துண்டுதான், ஆனா ‘பாக்கி பூஜ்யமா?’ன்னு சரிபார்க்கிற இடத்துல பூஜ்யம் வராது, கணக்கு முடியவே முடியாது. எடையை மில்லிகிராம் முழு எண்ணா வைங்க, டச்சை நூறால பெருக்கி வைங்க (80.25 டச் என்றால் 8025). ஃபைன் = எடை × டச் ÷ 10000. ரவுண்ட் பண்றது கடைசியில ஒரே ஒரு தடவை.

இருபதாவது_வளைவு

ஏற்காடு காப்பித் தோட்டம், மண் ஈரம் அளக்குற டீம், எட்டு நோடு (சென்சாரும் ரேடியோவும் இருக்கிற பெட்டி). முதலீட்டாளர் வந்த அன்னைக்கு டாஷ்போர்டுல எட்டுக்கு ஆறு ‘கடைசித் தகவல் 9 நாள் முன்பு’. எல்லாரும் லேப்டாப்பைச் சுத்தி நின்னாங்க. தோட்டத்து மேஸ்திரி மட்டும் குனிஞ்சு ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார். “தண்ணி வேணாம், ரெண்டு நாள் தாங்கும்”னு சொல்லிட்டு நடையைக் கட்டிட்டார்.

நோடு செத்ததுக்குக் காரணம் ரெண்டு. 6 வோல்ட் சோலார் பேனலை செடிக்குப் பக்கத்துலயே குச்சியில கட்டியிருந்தாங்க. காப்பிக்கு மேல சில்வர் ஓக், அதுல மிளகுக் கொடி. பேனல்ல செல்லுங்க தொடரா இணைச்சிருக்கும். ஒரு செல் மேல நிழல் விழுந்தா மொத்த மின்னோட்டமும் அந்த ஒரு செல்லோட அளவுக்கு இறங்கிடும். ரெண்டாவது, இஎஸ்பி32 கன்ட்ரோலர் சிப்பை டெவ் போர்டாவே (சோதனைக்கான பலகையோட) பெட்டிக்குள்ள போட்டது. சிப் தூங்குறப்ப 10 மைக்ரோஆம்பியர்தான், ஆனா போர்டுல இருக்கிற ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரும் யுஎஸ்பி சிப்பும் தூங்காது. ரெண்டும் சேர்ந்து 8 மில்லிஆம்பியர் தின்னா, 2,600 எம்ஏஹெச் செல் 325 மணி நேரம். பதிமூணரை நாள். வீட்டு மேசையில ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து ‘பேட்டரி ஓகே’ன்னு எழுதியிருந்தாங்க.

மிச்சம் இருந்த ரெண்டும் விட்டு விட்டுத்தான் பேசிச்சு. மழைக்கு அப்புறம் இலையெல்லாம் ஈரம், சிக்னலைக் குடிச்சிடும்.

சாலிடர்_புகை

மேல இருக்கிறவர் பேட்டரி சொன்னது சரி. இலை ஈரத்து மேல பழி போட்டது எனக்கு ஒத்துக்கலை. அதே டீமோட பெட்டியைத் திறந்து பார்த்தாச்சு. உள்ள இருந்தது ரா-02, அது 433 மெகாஹெர்ட்ஸ் லோரா மாட்யூல் (குறைஞ்ச பவர்ல தூரம் பேசற ரேடியோ). அதுல மாட்டியிருந்த ஆன்டெனா 868-க்கானது. கால் அலை நீளம் 433-க்கு 17 சென்டிமீட்டர், 866-க்கு 8.6. பாதி நீள ஆன்டெனாவை மாட்டிட்டு மரத்தைத் திட்டுறதுல அர்த்தம் இல்லை. நம்ம ஊர்ல லோராவுக்கு லைசன்ஸ் வேண்டாத பட்டை 865–868 மெகாஹெர்ட்ஸ். லோராவான் (லோரா மேல ஓடற நெட்வொர்க் முறை) போறதா இருந்தா இந்தியாவுக்கான மூணு அடிப்படைச் சேனல் 865.0625, 865.4025, 865.985. லைப்ரரியில ஐரோப்பாவோட 868.1 இருக்கிறபடியே விட்டா கேட்வே (நோடு அனுப்புறதை வாங்கற பெட்டி) கேட்கவே கேட்காது. ஆன்டெனா இல்லாம பவர் கொடுக்கிறதும் வேண்டாம், டிரான்ஸ்மிட்டர் போயிடும்.

சென்சார் பத்தி யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்லிடறேன், ஏன்னா எட்டுல மூணு சென்சார் பொய் சொல்லிக்கிட்டிருந்தது. கருப்பு கலர் கெப்பாசிட்டிவ் சென்சார், v1.2. வாங்கினதும் மூணு விஷயம் பாருங்க. டைமர் சிப் மேல டிஎல்சி555-னு இருக்கணும். என்இ555 இருந்தா 4.5 வோல்ட்டுக்குக் கீழே ஒழுங்கா ஓடாது. போர்டுல 3.3 வோல்ட் ரெகுலேட்டர் இருக்கா, இல்லை அந்த இடம் காலியா விட்டிருக்கான்னு பாருங்க. காலியா இருந்தா பேட்டரி இறங்க இறங்க ‘ஈரமும்’ மாறும். மூணாவது, மல்டிமீட்டரை ஏஅவுட்டுக்கும் (ரீடிங் வர்ற பின்) கிரவுண்டுக்கும் நடுவுல வைங்க, 1 மெகாஓம் காட்டணும். காட்டலைன்னா அந்த ரெசிஸ்டர் கிரவுண்டோட சேரலை. தண்ணியில முக்கினாலும் ரீடிங் ரொம்ப மெதுவாத்தான் மாறும்.

பலகையோட ஓரம் வெட்டின இடம், அது தண்ணியை உறிஞ்சும். எபாக்சி ரெண்டு கோட், அவசரத்துக்கு நெயில் பாலிஷ். சென்சாரோட வயரை இஎஸ்பி32-ல ஏடிசி1 (வோல்ட்டேஜை எண்ணா மாத்துற பகுதி) பின்னுல மட்டும் போடுங்க, வைஃபை ஓடறப்ப ஏடிசி2 வேலை செய்யாது. காத்துல ஒரு ரீடிங், டம்ளர் தண்ணியில ஒரு ரீடிங் எடுத்து 0, 100-னு போடறது ஏமாத்து வேலை. அதே தோட்டத்து மண்ணை எடுத்து எடை போட்டு, 105 டிகிரியில ஒரு நாள் அவன்ல வச்சு, திரும்ப எடை போடுங்க. குறைஞ்ச எடையை உலர்ந்த எடையால வகுத்தா ஈர சதவீதம். நாலு அஞ்சு ஈர அளவுல இதைச் செஞ்சு கோடு போட்டாத்தான் அந்த மேஸ்திரியோட கைக்குப் பக்கத்துல வரும்.

இருபதாவது_வளைவு

ஆன்டெனா சமாச்சாரம் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா மழை நாள்ல மட்டும் ஏன் மோசமாச்சு? அதுக்குப் பதில் இல்லையே.

சாலிடர்_புகை

ஆன்டெனா தப்பா இருந்தா சிக்னல்ல தாங்கறதுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. விளிம்புல தொங்கிக்கிட்டிருக்கிற லிங்க் ஈரத்துலயும் விழும், மாடு குறுக்கே போனாலும் விழும்.

அம்மாபேட்டை_மோனோ

பாட்காஸ்ட். தறிக்கூடத்துல பேட்டி. ரெக்கார்டிங் பண்ணவங்க “அண்ணா, பத்து நிமிஷம் தறியை நிறுத்துங்க”ன்னாங்க. நிறுத்தினதும் நெசவாளர் பேச்சு வறண்டுபோச்சு. கேள்விக்கு ரெண்டு வார்த்தை, மூணு வார்த்தை. சரி ஓடட்டும்னு சுவிட்ச் போட்ட உடனே நாற்பது நிமிஷம் நிறுத்தாம பேசினார். அந்த நாற்பது நிமிஷத்தைத்தான் எடிட்டிங்ல கொன்னாங்க. வெளியான எபிசோடுல அவர் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருந்தது.

என்ன நடந்ததுன்னா, ஆடாசிட்டியில (ஒலி எடிட் பண்ற மென்பொருள்) நாய்ஸ் ரிடக்‌ஷனை 24 டெசிபெல்லுக்கு ஏத்தி ரெண்டு தடவை ஓட்டியிருக்காங்க. அந்தக் கருவி ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீரான சத்தத்துக்கு. விசைத்தறியில நாடா அடிக்கிறது ஒவ்வொண்ணும் தனித்தனி அடி, செகண்டுக்கு ரெண்டு. அதைக் ‘கழிக்க’ப் போனா குரல்ல இருக்கிற மெய்யெழுத்தெல்லாம் சேர்ந்து போயிடும். முதல்ல ட-வும் ப-வும் சாகும்.

தறிச் சத்தத்தை எடுக்கவே வேண்டாம், அடக்கினா போதும். கண்டென்சர் மைக் தூக்கிப் போடுங்க. டைனமிக் மைக், வாய்க்கு நாலு விரல் தூரம், கொஞ்சம் பக்கவாட்டுல. கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம், அந்த முதுகைத் தறியைப் பார்த்து வைங்க. பேசறவர் பின்னாடி சுவரா இருந்தா சத்தம் திரும்பி மைக் வாய்க்குள்ளயே வரும், அதனால பாவு சுத்தின உருளையோ துணிக் கட்டோ பின்னாடி இருக்கிற இடமா உட்கார வைங்க. கெயின் உச்சம் −12 டெசிபெல்ல நிக்கணும். அப்புறம் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, நாய்ஸ் ரிடக்‌ஷன் வேணும்னா 6 டெசிபெல், அதோட நிறுத்துங்க. நாய்ஸ் கேட் (பேச்சு இல்லாதப்ப ஒலியை அடைக்கிறது) போடாதீங்க, வாக்கியத்துக்கு நடுவுல தறி நின்னு நின்னு ஓடற மாதிரி கேட்கும், அது சத்தத்தை விடக் கொடுமை. தொடக்கத்துல 20 செகண்ட் தறியை மட்டும் விட்டு மெதுவா இறக்கினா கேட்கிறவங்க காது பழகிடும்.

மோனோ, 64 கேபிபிஎஸ், −19 எல்யுஎஃப்எஸ் (சராசரி சத்த அளவு). ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள்ள அடங்கும். ரெண்டு பேர் பேசறதுக்கு ஸ்டீரியோ எதுக்குன்னு இன்னும் புரியலை.

பழைய_ஃபீட்

சின்னதுதான். ஒரு ஸ்டார்ட்அப் பாட்காஸ்ட் ஹோஸ்டிங் மாத்தினாங்க. மறுநாள் காலையில கேட்கிறவங்க போன்ல 43 எபிசோடும் ‘புதுசு’ன்னு வரிசை கட்டி நின்னுச்சு. பாதிப் பேர் அன்னைக்கே அன்சப்ஸ்கிரைப்.

புது ஹோஸ்ட் ஒவ்வொரு எபிசோடுக்கும் புது ஜியுஐடி (எபிசோடோட அடையாளக் குறி) கொடுத்திருச்சு. இறக்குமதி பண்ணினதும் பழைய ஆர்எஸ்எஸ் ஃபீடையும் (எபிசோடு பட்டியல்) புதுசையும் பக்கத்துல பக்கத்துல திறந்து ஜியுஐடி அச்சு அசலா இருக்கான்னு பார்த்த பிறகுதான் பழைய முகவரிக்கு 301 (புது முகவரிக்கு நிரந்தரமா திருப்பிவிடறது) போடணும். அந்த 301 குறைஞ்சது நாலு வாரம் இருக்கணும். இன்னொண்ணு: ஃபீட்ல இருந்த ஓனர் மின்னஞ்சல் வேலையை விட்டுப் போன இன்டர்னோடது. ஃபீட் உன்னுதுதான்னு நிரூபிக்கிற குறியீடு அங்கதான் போகும். அவர் பெங்களூர்ல, போன் எடுக்கலை.

பனிமூட்டம்

ஏற்காடு லேடிஸ் சீட் பக்கம் ஒரு வீட்டுலேர்ந்து நேரலை. பேசறவர் “இப்ப டிப்ளாய் பண்ணிக் காட்டறேன்”னு வாயைத் திறந்தார், கரண்ட் போச்சு. பார்த்தவங்களுக்குத் திறந்த வாயோட பதினோரு நிமிஷம். இங்க அவருக்கு அது தெரியவே இல்லை, லேப்டாப் பேட்டரியில ஓடுது, திரையில எல்லாம் சரியா இருக்கு, பேசி முடிச்சிட்டார்.

லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, ஓஎன்டிக்கு (வீட்டுல இருக்கிற ஃபைபர் இன்டர்நெட் பெட்டி) இல்லை. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு போதும், உள்ள மூணு 2,000 எம்ஏஹெச் செல் இருந்தா 22 வாட்-ஹவர், 8 வாட் ரூட்டர் ரெண்டு மணி நேரம் தாராளமா நிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி அடாப்டர்ல 12 வோல்ட்டா 9 வோல்ட்டான்னு படிங்க. கரண்ட் போனப்ப எல்ஓஎஸ் விளக்கு சிவப்பா மின்னினா ஃபைபரோ எதிர்முனையோ போச்சு, உங்க யுபிஎஸ் உதவாது, மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவுங்க. ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே அதே ஜன்னல்ல வச்சு அப்லோடு பாருங்க. மலையில பத்தடி தள்ளினா டவர் மாறும்.

ஓபிஎஸ்-ல (நேரலை அனுப்புற மென்பொருள்) 720பி, 30 ஃபிரேம், 2,500 கேபிபிஎஸ், கீஃபிரேம் 2 செகண்ட். அளந்த அப்லோடு அதுக்கு ரெண்டு மடங்கு இல்லைன்னா இன்னும் இறக்குங்க. டைனமிக் பிட்ரேட் டிக் பண்ணுங்க. லோக்கல் ரெக்கார்டிங் எம்கேவி-யில, சாதா எம்பி4-ல வேண்டாம். நடுவுல செத்தா எம்பி4 திறக்காது, எம்கேவி செத்த இடம் வரைக்கும் திறக்கும். அன்னைக்கு அந்தப் பதினோரு நிமிஷமும் எம்கேவி-யில முழுசா இருந்தது, அதுதான் பிறகு ஏத்தினது. முக்கியமா, ஒருத்தர் வேற வீட்டுல, வேற இணைப்புல உட்கார்ந்து பார்வையாளரா பார்க்கணும், பேசறவருக்குப் போன் அடிக்கிற உரிமையோட.

எழுத்தாக்கி

மேல வந்த கொலுசு டெமோ ரெக்கார்டிங்கை விஸ்பர்ல (பேச்சை எழுத்தாக்குற ஏஐ மாடல்) போட்டு எழுத்தாக்கினோம். பெரியவர் சொன்னதுக்கு அப்புறம் வந்த அமைதியில அது ‘நன்றி நன்றி நன்றி’ன்னு ஒன்பது தடவை எழுதியிருந்தது. யாரும் வாயே திறக்கலை.

மாடல் 30 செகண்ட் துண்டா கேட்கும், அமைதியை நிரப்பப் பார்க்கும். முதல்ல விஏடி (பேச்சு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறது) வச்சு பேச்சு இல்லாத இடத்தை வெட்டுங்க, முந்தின துண்டோட எழுத்தை அடுத்ததுக்குக் கொடுக்கிற விருப்பத்தை அணைச்சிடுங்க. தொழில் சொல்லை ஆரம்பக் குறிப்புல கொடுக்கலாம், ஆனா அதுக்கு 224 டோக்கன்தான் (மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கிற துண்டு) இடம். தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் பல டோக்கன் தின்னும், அதனால அகராதியையே கொட்டாதீங்க. டச், ஃபைன், சேதாரம், கொலுசு, அவ்வளவு போதும். ‘டச்’ அதுக்கு முன்னாடி நாலு இடத்துல ‘தச்சு’ன்னு விழுந்திருந்தது.

செவ்வாப்பேட்டை_ஓரம்

அந்த அமைதிக்கு அப்புறம் பெரியவர் இன்னொண்ணும் கேட்டார், எழுத்துல வந்திருக்கான்னு பாருங்க: “கடையில விக்காம திரும்பி வந்தா?” திரும்பி வர்ற கொலுசு பழைய பில் டச்சுல வரவு ஆகாது. உருக்கி, துண்டு எடுத்து டெஸ்டிங்குக்கு அனுப்பி, சீட்டுல வர்ற டச்சுலதான் ஆகும். 80-க்குக் கொடுத்தது 79.2-ன்னு வரும். அந்த 0.8 யார் பேர்லங்கிறதுக்கு ஆப்ல இன்னும் பட்டன் இல்லை.